மூன்றாவது கிலோவாட்

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

சோலார் கம்பெனி முதஸ்ஸிர் தம்பி வந்து மொட்டை மாடியை அளந்தார். மூன்று கிலோவாட் போட்டால் அரசு மானியம் எழுபத்தெட்டாயிரம், இரண்டு என்றால் அறுபதுதான் என்றார். அரசாங்கமே கொடுக்கும்போது குறைத்து வாங்க நான் என்ன பைத்தியமா? மே மாதம் மகிழினி பிரசவத்துக்கு வருகிறாள். கொருக்குப்பேட்டை வெயிலில், அந்தச் சின்ன அறையில், ஏசி இல்லாமல் என் பெண் எப்படிப் படுப்பாள்?

ஒரே சிக்கல் – தெற்கு ஓரத்தில் என் வீட்டுக்காரருடைய புறாக்கூண்டு. அதை எடுத்தால்தான் மூன்றுக்கு இடமாம். இவர் எழுந்து, புறாவுக்குக் கம்பு போடப் போய்விட்டார்.

12 பிப்ரவரி

அவராகவே சொன்னார்: "பொண்ணுக்குத்தானே. டோல்கேட்டு ரஹீமாண்ட குட்த்துட்றேன்."

ரஹீம் பாயும் புறா வளர்ப்பவர்தான். புறாக்கள் அத்தனையையும் கூடையில் வைத்து ஆட்டோவில் கொண்டுபோனார். கல்யாணமான நாளிலிருந்து என் சக்களத்திகள். சனியன் தொலைந்தது என்று மாடியைக் கழுவிவிட்டேன்.

13 பிப்ரவரி

பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

24 பிப்ரவரி

புறாக்கள் திரும்பி வந்துவிட்டன. புது இடம் பழகும்வரை றெக்கையை நூலால் கட்டிவைப்பது வழக்கம். ரஹீம் பாய் அவசரப்பட்டுவிட்டார். போனில், "நல்லா துன்னுக்கினு இருந்துச்சு ஜெயவேலு, பழகிடுச்சுன்னு அவுத்துட்டேன்" என்றார்.

இவர் கூண்டைப் பூட்டிவிட்டு, துண்டை வீசி விரட்டினார். "போ, அங்கியே போ." தினமும் விசிலடித்து அதுகளை இறக்கிய மனுஷன். அதுங்க சுத்திச் சுத்தி வருதுங்க. எங்க போவும் பாவம்? இருட்டும்வரை இறங்கவே விடவில்லை. பிறகு கீழே வந்து முகம் கழுவினார், ரொம்ப நேரம்.

இன்னா பொம்பள நான்?

25 பிப்ரவரி

விடிந்ததும் போய்க் கூண்டைத் திறந்துவைத்தேன். எதிர்வீட்டு மதிலில் ஒண்டியிருந்தவை ஒவ்வொன்றாக வந்தன.

முதஸ்ஸிருக்குப் போன் செய்தேன். இரண்டு கிலோவாட் போதும், கூண்டு நிழல் எட்டாத பக்கம் போடுங்கள் என்றேன்.

"பதினெட்டாயிரம் மானியம் போய்டுமேக்கா."

"போவட்டும் தம்பி. மூணாவது கிலோவாட்டுல புறா குடியிருக்குது."

சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. "அப்போ ஏசி?" என்றார். ஏசி ஓடும், கொஞ்சம் பில் வரும், கட்டுவோம் என்றேன். தலையை மட்டும் ஆட்டினார்.

28 மார்ச்

பேனல் ஏறிவிட்டது. துடைக்கத் துடைக்கக் கரி படிகிறது. வேறெந்த ஊரிலாவது சூரியனுக்கு இவ்வளவு அழுக்கு உண்டா?

7 மே

மானியம் அறுபதாயிரமும் கணக்கில் ஏறிவிட்டது. மகிழினி வந்துவிட்டாள். ஏசி போட்டுத் தூங்குகிறாள், குழந்தை மாதிரி.

புறாக்கள்தான் இவரை இன்னும் மன்னிக்கவில்லை. மாலையில் விசிலடிப்பார். வட்டமடிக்கும், இறங்காது. துண்டு வீசிய கை அல்லவா. "நீ வந்து நில்லு குழலி" என்று கீழே வந்து கூப்பிடுவார். அடுப்பை அணைத்துவிட்டு ஏறுவேன். நான் நின்றால் இறங்கிவிடும்.

இன்று கம்புத் தீனியை என் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டார். அங்கிருந்தே மெதுவாகக் கேட்டார்.

"செவப்பி வந்துட்சா? கொண்டக்காரி?"

"எல்லாம் வந்துட்சு."

அப்போதும் அவர் எழுந்து வரவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.