இடக்கைக்காரனின் டூ-செவன்டி

டண்டினொங்கில் துப்பாக்கி விற்கிற கடைக்காரர் உன் துப்பாக்கிப் பையை மேசைமேல் வைத்து ஜிப்பை இழுத்ததும் எண்ணெய் வாசனை வரும் என்று நினைத்தேன். வந்தது வறுத்த கறித்தூள் வாசனை. பக்கவாட்டில் நீ எப்போதும் செருகி வைக்கும் அந்தச் சின்னப் பொட்டலம், ரப்பர் பேண்ட் சுற்றியபடி அப்படியே கிடந்தது. மானைச் சுட்ட இடத்திலேயே ஈரலைப் பொரித்துத் தின்போம் என்று சொல்லி ஒவ்வொரு தடவையும் கொண்டுவருவாய். ஒரு தடவைகூட அதைப் பிரிக்க நமக்கு வாய்க்கவில்லை. கடைக்காரர் மூக்கை உறிஞ்சிவிட்டுச் சிரித்தார். எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது.

ஏன் கோபம் என்று கேட்பாய். சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாய், அதுதான். கடைசியாக ஃபோனில் பேசியபோதும் மானுக்கு எந்தக் கலிபர், எவ்வளவு பெரிய குண்டு என்றுதான் கத்திக்கொண்டிருந்தோம். "சரி, மிச்சத்தைப் பிறகு கதைப்பம்" என்று வைத்தாய். அந்த வாரமே உன் கணக்கர் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தபடி நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்துவிட்டாய். மிச்சம் முழுக்க என் தலையில் கிடக்கிறது. கார் ஓட்டும்போதும் குளிக்கும்போதும் உன்னோடு வாதாடிக்கொண்டே இருக்கிறேன். சிக்னலில் பக்கத்துக் காரில் இருப்பவர்கள் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

நாம் அறிமுகமானதே ஒரு கலிபரால்தானே. என் எக்ஸ்ரே அறைக்கு முழங்கால் வலி என்று வந்து படுத்தாய். வழக்கமான கேள்வியைக் கேட்டேன், "உடம்புல உலோகம் ஏதாவது இருக்கா சார்?"

"ஓம். வலது தொடையில ஒரு சன்னம் கிடக்கு. கன காலமா வாடகை குடுக்காமல் இருக்குது."

நீ சன்னம் என்றது துப்பாக்கிக் குண்டை என்பது மதுரைக்காரனான எனக்குப் படம் விழுந்த பிறகுதான் புரிந்தது. எலும்பை ஒட்டி, சற்றுச் சாய்ந்து, வெள்ளையாகத் தெரிந்தது. அந்த வேலையில் இருப்பவன் கேட்கக்கூடாததைக் கேட்டேன், "என்ன கலிபர்?"

"அளவு கேட்டு வாங்கேல்ல, மச்சான்" என்றாய். படுத்தபடியே நீ சிரித்த சிரிப்பில் அடுத்த படம் ஆடிப்போய் இன்னொன்று எடுக்க வேண்டியதாயிற்று.

அப்படிப்பட்ட நீ எப்படி வேட்டைக்குப் போகிறாய் என்பது எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. கேட்டால் பேச்சை மானின் பக்கம் திருப்பிவிடுவாய். அந்த மானை நாங்கள் மிளா என்போம், நீங்கள் மரை என்பீர்கள். "எங்கட ஊரிலயிருந்தும் உங்கட ஊரிலயிருந்தும் கப்பலில கொண்டு வந்து இஞ்ச விட்டவங்கள். இதுக்கு மட்டும் ஒருத்தரும் விசா கேக்கேல்ல" என்பாய். அந்தப் பேச்சில் மயங்கித்தான் நானும் உரிமம் எடுத்தேன். துப்பாக்கி மட்டும் வாங்கவில்லை. எந்தக் கலிபர் என்று முடிவு பண்ண முடியாமல் வருடக்கணக்கில் அட்டவணைகளைப் பார்த்துக்கொண்டு, உன்னுடையதையே இரவல் வாங்கிச் சுட்டேன். "பொம்பிளை பாக்கிற மாதிரித் துவக்குப் பாக்கிறாய்" என்று எல்லார் முன்னாலும் கேலி பண்ணுவாய்.

இந்த மாநிலத்தில் மரைக்கு டூ-செவன்டி கலிபருக்குக் கீழே சட்டம் விடாது. நீ அந்தக் கீழ் வரம்பிலேயே நின்றாய். எனக்கு மேலே போக வேண்டும், இன்னும் பெரிய குண்டை இன்னும் வேகமாகத் தள்ளும் த்ரீ-ஹண்ட்ரட் மேக்னம். காரணமும் வைத்திருந்தேன். நொறுங்கிய எலும்புகளை நாள் முழுக்கப் பார்க்கிறவன் நான். என் கையால் ஒரு உயிர் பாதி அடிபட்டு அலையக் கூடாது, பட்டால் அந்த இடத்திலேயே விழ வேண்டும். நீ பதிலுக்குக் காரணம் எதுவும் சொல்ல மாட்டாய். "பயத்தில வாங்கிற சாமான் பயத்தைத்தான் கூட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேநீர் குடிப்பாய். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

உன் மனைவி சாந்தி உன் கட்சிதான், ஆனால் அவளுடைய காரணம் வேறு. என் வேலையிடத்தில் ஒருவர் மேக்னத்தால் சுட்ட மானின் தோள்பகுதியைக் கொடுத்தார். வெள்ளைக்காரர்கள் சதையை மட்டும் அரிந்து எடுப்பார்கள். நமக்கு எலும்போடு போட்டால்தானே கறி. அன்று உங்கள் வீட்டில் சாப்பிட்ட அங்கிள், ஆன்ட்டி எல்லோரும் வாய்க்குள் விரலை விட்டு எலும்புச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். "இனிமேல் பெரிய துவக்கால சுட்டதை என்ர குசினிக்குள்ள கொண்டு வராதேங்கோ" என்று சாந்தி சட்டியைச் சமையலறைக்கு வெளியே தள்ளி வைத்தாள். நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய்.

நான் விடவில்லை. ஸ்பிரிங்வேல் பக்கம் சுடுதளத்தில் தெரிந்தவர் ஒருவரின் மேக்னத்தை வாங்கித் தோளில் வைத்தேன். சத்தம் கேட்டது மட்டும்தான் நினைவிருக்கிறது. துப்பாக்கிமேல் இருந்த குறிக்கண்ணாடி பின்னால் பாய்ந்து வலது புருவத்தைக் கிழித்துவிட்டது. உன் கைக்குட்டையை அழுத்திப் பிடித்தபடி, "நீ இலக்கைப் பாக்கேல்ல, மச்சான். சத்தத்தை எதிர்பாத்துக்கொண்டு நிண்டனி. கண்ணை மூடிக்கொண்டுதான் அமத்தினனி" என்றாய். இல்லை என்று சாதித்தேன். கண்ணாடியில் முகம் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பிறை வடிவத் தழும்பு இப்போதும் உன் பக்கம்தான் பேசுகிறது.

ஆனால் என்னை இன்றுவரை நிம்மதியாக இருக்கவிடாதது கிப்ஸ்லாந்து மலையில் அந்த ஓடைக்கரைதான். எதிர்ச் சரிவில் பெரிய கொம்போடு மரை. நமக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு மேய்ந்தது. நீ இடது தோளில் துப்பாக்கியை ஏற்றி, இடது கண்ணை வைத்து, நெடுநேரம் பார்த்தாய். "சுடுடா" என்று நான் பல்லைக் கடித்தேன். நீ பாதுகாப்புப் பூட்டைப் போட்டுவிட்டுத் துப்பாக்கியைத் தாழ்த்தினாய். அது மெல்ல நடந்து மரங்களுக்குள் போய்விட்டது.

கார்வரை உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். மேக்னமாக இருந்தால் அந்தக் கோணத்திலும் விழுந்திருக்கும் என்றேன். நீ சாவியைத் திருகாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தாய்.

"பின்னால சுட்டா தொடையில படும். தொடையில பட்டா உடனே சாகாது, மச்சான். ஓடும். ஓடிப்போய்த் தண்ணிக்குக் கிட்டப் படுக்கும். நானும் தண்ணிக்குக் கிட்டத்தான் படுத்தனான்."

பிறகுதான் சாவியைத் திருகினாய். வீடு வரும்வரை ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

டண்டினொங் கடையில் அன்று நடந்ததைச் சொல்கிறேன். உரிமம் இல்லாதவர் வீட்டில் துப்பாக்கி இருக்கக் கூடாது என்பதால் சாந்தி உன்னுடையதை அங்கே ஒப்படைத்திருந்தாள். அன்று அதை விற்கச் சொல்ல வந்திருந்தாள். நான் காவல்துறையின் வாங்கும் அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கொன்று வாங்க வந்திருந்தேன். மேசையில் ஒரு பக்கம் உன் டூ-செவன்டி, மறுபக்கம் புத்தம்புது மேக்னம். இரண்டையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தேன்.

"அண்ணா, நீங்கள் எடுக்கிறியளோ?" என்று சாந்தி மெதுவாகக் கேட்டாள். "வேற ஆரும் கொண்டு போறதை நினைக்க ஒரு மாதிரிக் கிடக்கு."

கடைக்காரர் என் கையைப் பார்த்தார். "நீங்கள் வலதுகைக்காரர். இது இடக்கைக்காரருக்குச் செய்தது, குண்டு ஏற்றும் இழுப்புப்பிடி இடப்பக்கம் இருக்கிறது. ஒரு தடவை சுட்டால் அடுத்த ரவுண்டு ஏற்றுவதற்குள் மான் மலையைத் தாண்டிவிடும்" என்றார்.

தெரியும் என்றேன். அதையே கட்டச் சொன்னேன். நீ ஜெயித்துவிட்டாய் என்று நினைக்காதே. எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

காரில் ஏறும்போது சாந்தி வேறொன்று கேட்டாள். "அவரின்ர காலுக்குள்ள கிடந்த சன்னம் எங்க போயிருக்கும் அண்ணா?" அஸ்தி வாங்கப் போனபோது நானும் கூட இருந்தேன், எரித்தபின் உலோகத்தையெல்லாம் தனியாகப் பிரித்துவிடுவோம் என்று அங்கே சொன்னார்கள். தெரியவில்லை சாந்தி என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போன வாரம் தனியாக அதே ஓடைக்குப் போனேன். குளிரில் விரல்கள் விறைத்திருந்தன. வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்தில் ஒரு மரை வெளியே வந்தது, வந்ததும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றது. இந்த மலையில் நமக்கு மட்டும் எல்லாம் முதுகைத்தான் காட்டும்போல. உன் துப்பாக்கியை, அதற்குத் தப்பான என் வலது தோளில் வைத்து நெடுநேரம் பார்த்தேன். ஒன்று தவறினால் அடுத்த வெடி எனக்கு இல்லை என்பது நன்றாகத் தெரிந்தது. பூட்டைப் போட்டேன்.

மேக்னம் கையில் இருந்திருந்தால் சுட்டிருப்பேன். அந்த நினைப்புதான் வந்ததிலிருந்து என்னைத் தூங்கவிடவில்லை. பெரிய குண்டு இருக்கிறதே, எங்கே பட்டாலும் விழும் என்று என்னை நானே ஏமாற்றி விசையை அழுத்தியிருப்பேன். இதை உன்னிடம் சொல்லியிருந்தால் நீ தேநீரை ஊதிக் குடித்திருப்பாய்.

பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. பைக்குள்ளேயே இருக்கிறது. சரிவில் இறங்கும்போது வலது தொடை இழுத்துப் பிடித்தது; மலை ஏறிப் பழகாத கால், வேறொன்றும் இல்லை. ஆனாலும் நின்று, கையை வைத்து அழுத்திப் பார்த்தேன். வீட்டுக்கு வந்தும் நின்று நின்று அந்த இடத்தையே தொட்டுப் பார்க்கிறேன். சாந்தியிடம் தெரியவில்லை என்று சொன்னேனே, இப்போது தெரிகிறது. உன் சன்னம் என்னிடம் இருக்கிறது, மச்சான்.