பட்டாளத்துக் கொட்டடிக்கு விழுந்த பூட்டு

அன்பு மகன் விக்னேஷுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் மாடும் கன்றும் சுகம், அப்பாவுக்கு இருமல் மட்டும் உண்டு, அது வீட்டில் ஆம்பளை இருக்கிறேன் என்று காட்டுகிற இருமல், கவலைப்படாதே. நீயும் அந்த நார்வே பனியில் மூக்கு விறைக்காமல் சுகமாக இருக்க மாரியாத்தாளைக் கும்பிட்டுக்கொள்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற வீடியோவில் நைட்டிக்கு மேலே பள்ளிக்கூட ஸ்வெட்டரும் தலையில் குரங்குக் குல்லாயுமாக இன்ஸ்பெக்டரைக் கையெடுத்துக் கும்பிடுகிற பொம்பளை யாரும்மா என்று போனில் கேட்டாய். பக்கத்து ஊர்க் கவுஞ்சிக்காரியாக இருக்கும் என்றேன். நான்தான். ஸ்வெட்டர் உன்னுடையது. விஷயத்தைப் போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துக் கெடுப்பாய், அதனால் உனக்கு அனுப்புகிற இட்லிப்பொடி டப்பாவோடு எழுதி வைக்கிறேன், பிழை இருந்தால் அஞ்சாம் வகுப்போடு என்னை அனுப்பின வாத்தியாரைத் திட்டிக்கொள்.

நம்ம மேட்டில் இருக்கிற பட்டாளத்துக் கொட்டடி உனக்குத் தெரியாததா. வெள்ளைக்காரன் சண்டைக் காலத்தில் பட்டாளத்துச் சாமான் வைக்கக் கட்டினான், சண்டை முடிந்து அவன் போனதும் நாம் விதைப்பூண்டைத் தொங்கவிட்டுப் புகை போட்டோம். வீட்டுக்கு ஒரு கொக்கி, அது சொத்து மாதிரி. நான் கல்யாணமாகி வந்த மறுநாள் எனக்கு அடுப்பைக் காட்டவில்லை, கொக்கியைத்தான் காட்டினார்கள். போன மாதம் மதுரையிலிருந்து ஜென்சி என்று ஒரு காலேஜ் டீச்சர், சண்டைக் காலத்து ஞாபகங்களை ரெக்கார்டு பண்ண வந்தது, நல்ல பணிவான பிள்ளை. நம்ம பக்கத்து வீட்டுப் பாப்பம்மாள் முந்திக்கொண்டு, எங்க மாமனார் கையால டீ குடிக்காட்டி துரைக்குச் சோலியே ஓடாது என்று அளந்தாள். அவளைச் சும்மா விட முடியுமா. உன் தாத்தா பொன்னுச்சாமி பட்டாளத்துக்குக் குண்டுப் பெட்டி சுமந்தவர் என்பது ஊரறிந்த கதை, என்னைப் பெண் பார்க்க வந்தபோதே உன் அப்பா சொன்ன கதை. அதை நான் கொஞ்சம் தாளித்தேன். அவரு சுமந்ததுல பாதி இன்னும் அந்தத் தரைக்கு அடியிலதான் கெடக்கு டீச்சர், நாங்க உள்ள போனா பூ மாதிரிதான் கால் வைப்போம் என்றேன். பாப்பம்மாள் மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம்.

அந்தப் பிள்ளை அதை அப்படியே இன்டர்நெட்டில் போட்டுவிட்டது. போலீஸ் ஜீப் வந்தது, கொட்டடிக்குப் பூட்டுப் போட்டு ரிப்பன் கட்டிவிட்டார்கள். உள்ளே ஊர் மொத்தத்துக்குமான விதைப்பூண்டு, வெளியே நல்ல மழை விழுந்து பாத்தி பிடித்த நிலம். ஈரம் போவதற்குள் நடவில்லை என்றால் இந்தப் போகமே இல்லை. அடுத்த ஊர் கூக்காலில் விதை கேட்டுப் பார்த்தோம், அவர்கள் நட்டு முடித்துவிட்டார்கள். ஊரில் ஒருத்தரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. பாப்பம்மாள் மட்டும் நான் தெருவில் போனால், பாத்து செல்வி, பூ மாதிரி கால் வையி என்பாள். தாங்க முடியாமல் விடிந்தும் விடியாமலும் எழுந்து போட்டது போட்டபடி ஓடிப்போய் இன்ஸ்பெக்டரைக் கும்பிட்டேன், ஐயா குண்டும் இல்லை ஒன்றும் இல்லை, சும்மா பேச்சுக்குச் சொன்னது, கதவைத் திறந்துவிடுங்க என்றேன். அவர், ஏம்மா, இருக்குன்னும் நீதான் சொல்ற, இல்லைன்னும் நீதான் சொல்ற, நான் எதைன்னு எழுதுறது, பாம் ஸ்குவாடு வரட்டும் என்றார். உன் சிநேகிதன் ஞானவேல் வீடியோ எடுத்தது அப்போதுதான். அவன் கல்யாணத்துக்கு நான் அதே ஸ்வெட்டரோடு போவேன் என்று சொல்லிவிடு.

ஒருவழியாக நாயும் மிஷினுமாக வந்தார்கள். எவ்வளவு பெரிய நாய் தெரியுமா, கன்றுக்குட்டி உயரம். பூண்டு நெடியில் உள்ளே போன வேகத்தில் தும்மிக்கொண்டே வெளியே வந்து என் காலடியில் படுத்துவிட்டது, அப்புறம் யார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. கொக்கியில் தொங்கின பூண்டுக் கட்டுகளையெல்லாம் அவிழ்த்து வெளியே குவித்துவிட்டு மிஷினை விட்டார்கள். ஒரு மூலையில் அது கத்தியது பார், ஊரே ஓடிப்போய்ப் பள்ளத்தில் உட்கார்ந்தது. நான் மட்டும் ஓடவில்லை. நாம் சொன்ன பொய் நிஜமாகிவிட்டதே, விதை போச்சே, இவர்களுக்கு என்ன பதில் சொல்வேன் என்று நின்றேன். தோண்டினால் லாடம். குதிரை லாடம், கூடை கூடையாக, ஆணியும் சுத்தியலும். அங்கே குண்டு இருந்ததோ இல்லையோ, பொதிக்குதிரைக்கு லாடம் அடித்திருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பூட்டைக் கழற்றினார். உன் அப்பா அந்தச் சுத்தியலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கப்பா குதிரைக் காலைப் பிடிச்சவரா இருக்கும்போல என்றார் மெதுவாக. அது தெரிந்திருந்தால் அன்றைக்கே வேறே மாப்பிள்ளை பார்த்திருப்பேனே என்றேன். அவர் சுத்தியலோடு வீட்டுக்குப் போய்விட்டார். அப்புறம் பார்க்கிறேன், சுத்தியலை எண்ணெய் போட்டுத் துடைத்துத் தாத்தா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். குண்டு சுமந்தவர் படத்துக்கு ஒருநாளும் அவர் இவ்வளவு மரியாதை செய்து நான் பார்க்கவில்லை. நானும் அதற்குமேல் கேலி பண்ணவில்லை, மறுநாள்தான் பண்ணினேன்.

நீ வேளைக்குச் சாப்பிடு, பொடியில் ஈரக் கரண்டி போடாதே, அங்கே யாராவது பெண் உன்னைப் பார்த்துச் சிரித்தால் தாத்தா கதையைச் சொல்லிவைக்காதே. தாடியை எடுத்துவிட்டு ஒரு போட்டோ அனுப்பு, மறந்துவிடாதே. எங்கள் ரெண்டு பேர் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, நோய்நொடி இல்லாமல் நல்லா இரு.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு, பூண்டைக் குவித்துப் போட்டதில் யார் கட்டு யாருடையது என்று தெரியாமல் ஆளாளுக்கு அள்ளிக்கொண்டு வெரசாக நட்டு முடித்தோம். நமக்கு மட்டும் ஒரு கட்டுக் குறைந்து கடைசிப் பாத்தி வெறுமனே கிடக்கிறது. பாப்பம்மாளுக்கு ஒரு கட்டு மிஞ்சியதாம், ஊறுகாய் போட்டு நமக்கும் ஒரு பாட்டில் கொடுத்தாள். உப்பு சரியாக இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
வே. பாண்டிச்செல்வி