நாற்காலியில் கோடாரி

ஜூன் 4, 1928. திங்கள்.
இன்று நல்ல வெயில். படகு ஓடுகிறது. என் பெயர் ஆம்ப்ரோஸ் டில்லரி. இதை நானே எழுதினேன்.

ஜூன் 5
நேற்று எழுதியதை இன்று எடுத்துப் பார்த்தேன். அப்படியே இருக்கிறது! ஆம்ப்ரோஸ் டில்லரி. ராத்திரியோடு ராத்திரியாக எங்கும் ஓடிப் போய்விடவில்லை.

ஜூன் 8
கை கொஞ்சம் பழகிவிட்டது. இன்று என் வேலையைப் பற்றி எழுதப்போகிறேன்.

லூசிண்டா என்ற இந்த நீராவிப் படகில் ஜாஸ் பாண்டுக்கு நாற்காலி போடுவது என் வேலை. டிரம்களைத் துடைப்பதும் நான்தான். செயிண்ட் லூயியில் கிளம்பி ஆற்றில் ஏறி இறங்குவோம். ஆட வருகிறவர்கள் வெள்ளைக்காரர்கள், வாசிக்கிறவர்கள் கறுப்பர்கள் நாங்கள். திங்கட்கிழமை மட்டும் எங்கள் ஜனங்கள் டிக்கெட் எடுத்து ஏறலாம்.

இன்னொரு வேலையும் உண்டு. கோடாரி.

தீப்பிடித்தால் கதவை உடைப்பதற்கென்று சுவரில் மாட்டிய கோடாரி அது. பாண்டுக்குத் தலைவர் ஓல்டம் ஐயா. பியானோ வாசிக்கிறவர். யாரையாவது வேலையை விட்டு அனுப்ப வேண்டுமென்றால் அவர் வாயைத் திறந்து சொல்லமாட்டார். மற்ற எல்லோரையும் முன்னாலேயே மேடைக்கு வரச் சொல்வார். அந்த ஒரு ஆளுக்கு மட்டும் சொல்லமாட்டார். அவன் வழக்கம்போல வந்து பார்த்தால், அவனுடைய நாற்காலியில் கோடாரி படுத்திருக்கும். அவன் பார்த்த அந்த நிமிஷமே பாண்டு வழியனுப்புப் பாட்டை எடுக்கும், கல்யாணத்துக்கு வாசிப்பதுபோல துள்ளலாக. அவன் கோடாரியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த துறையில் இறங்கிவிட வேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது. கேட்டவனும் இல்லை.

கோடாரியை வைப்பது நான். போன வருஷம் டிரோம்போன்காரன் ஒருவன் கவனிக்காமல் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டான். இதை எழுதும்போதுகூட வயிறு குலுங்குகிறது.

ஜூன் 13
புதிதாக ஒரு கார்னெட்காரன் ஏறியிருக்கிறான். மூன்று விரலால் கட்டைகளை அழுத்தி ஊதுகிற சின்ன எக்காளம் அது. அல்சீட் ஃபூஷே. நியூ ஆர்லியன்ஸ் பையன். நீளக் கழுத்து, பெரிய காது. வந்ததும் என்னைத் தாத்தா என்றான்.

மாலையில் வாசித்தான். ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். ஆட வந்தவர்கள் ஆடாமல் கேட்டுக்கொண்டு நிற்பதை நான் இந்தப் படகில் பார்த்ததே இல்லை. சமையல்கட்டிலிருந்து சமையல்காரி சபைனா மாவுக் கையோடு வந்து எட்டிப்பார்த்தாள்.

பக்கத்து நாற்காலியில் கிளாரினெட் வாசிப்பவர் ஹோசியா ப்ரைன். அவரும் வாசித்துக்கொண்டுதான் இருந்தார். யார் காதிலும் விழவில்லை.

ஜூன் 15
ஹோசியாவைப் பற்றி எழுத வேண்டும். எனக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பவர் அவர்தான். காலேஜ் படித்தவர். மதியச் சாப்பாடு ஆனதும் பின்தளத்துப் பெஞ்சில் பாடம். நான் பிறந்த அடிமைக் காலத்தில் எங்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பது சட்டப்படி குற்றம். அதனால் பெஞ்சில் உட்காரும்போதெல்லாம் எதையோ திருடித் தின்கிற மாதிரி ஒரு ருசி.

"கிழவா, உனக்கு எதுக்கு இதெல்லாம்? செத்துப்போனதும் சொர்க்கத்து வாசல்ல போர்டு படிக்கணுமா?" என்பார். சொல்லிக்கொண்டே அடுத்த எழுத்தைப் போட்டுக் காட்டுவார்.

ஜூன் 20
அல்சீட்டுக்கு இசைத்தாள் படிக்கத் தெரியாது! இன்று டிரம்மைத் துடைத்துக்கொண்டே பார்த்தேன். பக்கத்தில் உள்ளவர்கள் தாளைத் திருப்பினால் இவனும் திருப்புகிறான். கண் தாளில் இல்லை, காற்றில் இருக்கிறது. ஒத்திகையில் ஓல்டம் ஐயா ஒரு தடவை பியானோவில் வாசித்தால் போதும், அது இவன் காதுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

தனியாக இருக்கும்போது கேட்டேன். கையைப் பிடித்துக்கொண்டான்.

"தாத்தா, யார்கிட்டயும் சொல்லிடாத. தெரிஞ்சா ஐயா இறக்கிவிட்டுடுவாரு. எனக்கு இந்தப் படகை விட்டா வேற நாதி இல்ல."

"நான் எதுக்குடா சொல்றேன்? போன வருஷம்வரைக்கும் நானும் காகிதத்தைத் தலைகீழாப் பிடிச்சவன்தான்."

ரெண்டு பேரும் சிரித்தோம். ஒரு ஜாதிக்காரன் கிடைத்த மாதிரி இருந்தது.

ஜூன் 27
ஓல்டம் ஐயா பாண்டைக் கூப்பிட்டுச் சொன்னார்: ஜூலை நாலாம் தேதி கேப்டனின் விருந்தாளிகள் வருகிறார்கள். நியூயார்க்கிலிருந்து புதுப் பாட்டு வந்திருக்கிறது. ஒத்திகை கிடையாது. தாளைப் பார்த்து அப்படியே வாசிக்க வேண்டும். "என் பாண்டுல படிக்கத் தெரியாதவன் ஒருத்தனும் இல்லன்னு அவங்களுக்குத் தெரியணும்."

அல்சீட்டின் முகத்தில் ரத்தமே இல்லை.

ஜூன் 28
நல்ல செய்தி! அல்சீட் துணிந்து ஹோசியாவிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டான். திட்டுவார் என்று நினைத்தேன். "இவ்வளவுதானா? வா, கிழவனோட உட்காரு," என்றாராம். என்ன பெரிய மனசு.

இனி அந்தப் பெஞ்சில் நாங்கள் ரெண்டு பேர். நான் எழுத்து, அவன் ஸ்வரம்.

ஜூலை 2
அல்சீட் வேகமாகப் படிக்கிறான். எந்தக் கோட்டில் உள்ள புள்ளி எந்த ஸ்வரம் என்று ஹோசியா எழுதிக் காட்டுகிறார், இவன் உதட்டால் ஊதிப் பார்க்கிறான். பழைய பாட்டின் தாளை எடுத்தால் ஹோசியா பிடுங்கி வைத்துவிடுகிறார்.

"அது உன் காதுக்குத் தெரிஞ்ச பாட்டுடா. காது குறுக்க வந்து கெடுக்கும். நான் எழுதிக் குடுத்ததை மட்டும் வாசி. இவ்வளவு நாள் காதை நம்பினது போதும். நாலாம் தேதி உன் காதுக்குத் தப்பாத் தோணினாலும் நிறுத்தாத. தாளை நம்பு."

"சரிங்க. தாளை நம்பறேன்," என்று பிள்ளை ஜெபம் மாதிரி சொன்னான்.

சபைனா எங்கள் மூன்று பேருக்கும் கெளுத்தி மீன் வறுவல் கொடுத்தாள்.

ஜூலை 4
எழுத முடியவில்லை. எழுதுகிறேன்.

புதுப் பாட்டு. அல்சீட்டுக்குத் தனியாக வாசிக்கும் இடம் வந்தது. எழுந்து நின்றான். கண்ணைத் தாளில் நட்டான். ஊதினான். கழுதை கத்துகிற மாதிரி வந்தது. எல்லோரும் ஒரு பக்கம் போக இவன் மட்டும் ஒரு படி மேலே போய்க்கொண்டிருக்கிறான். தப்பு என்று அவன் காதுக்குத் தெரிகிறது, எனக்கு அவன் முகம் தெரிந்ததே. புருவம் துடிக்கிறது. ஆனால் நிறுத்தவில்லை. ஏன்டா, நிறுத்தித் தொலையேன்டா! கண்ணை மூடிக்கொண்டு ஊதியிருந்தாலே போதுமே! அவன் தாளை நம்பினான்.

வெள்ளைக்காரப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருவன் நாய் மாதிரி ஊளையிட்டுக் காட்டினான். எல்லோரும் கைதட்டினார்கள், அந்த நாய்க்கு.

பாண்டுக்காரர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்திருந்தார்கள். வெட்கமாக இருந்திருக்கும்.

ஓல்டம் ஐயா என்னைப் பார்த்து ஒரே சொல்தான் சொன்னார். "நாளைக்கு."

ஜூலை 5
வைத்தேன்.

மதியம் எல்லோரும் முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அல்சீட் வந்தான். புது ஆள், இந்தப் படகின் வழக்கத்தை அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் வேடிக்கை கெட்டுவிடும் என்று எப்போதும் சொல்வதில்லை.

கோடாரியைப் பார்த்தான். பாண்டு ஆரம்பித்தது. அவன் அதைக் கையில் எடுத்து, பாட்டுக்கு நடுவே என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டான்:

"எதை வெட்டணும் தாத்தா?"

மேடையே வெடித்தது. டிரம்காரன் குச்சியைக் கீழே போட்டுவிட்டான். ஓல்டம் ஐயாகூட பியானோவின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். அல்சீட்டும் சிரித்தான், ஏதோ நல்ல ஜோக் சொல்லிவிட்டோம் என்று. மெதுவாகத்தான் அவனுக்கு விளங்கியது. அப்புறமும் அந்தச் சிரிப்பு அவன் முகத்தில் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருந்தது, எடுக்க மறந்துவிட்டவன் மாதிரி.

நானும் சிரித்தேன். இருக்கிறதை எழுத வேண்டும். நன்றாகவே சிரித்தேன்.

ஆல்ட்டன் துறையில் இறங்கிப் போனான். கார்னெட் பெட்டியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு.

ஜூலை 6
பாடத்துக்குப் போனேன். பெஞ்சில் நான் மட்டும். ஹோசியா குஷியாக இருந்தான்.

"பாவங்க அந்தப் பையன். இவ்வளவு படிச்சும் வரலையே," என்றேன்.

"நல்லாத்தான் வந்துச்சு கிழவா. நான் சொல்லிக்குடுத்தது அப்படியே வந்துச்சு. ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஒரு படி தள்ளிச் சொல்லிக்குடுத்தேன். ஒண்ணுகூட மறக்கல பயல்!" என்று தொடையில் தட்டிக்கொண்டான். "பாண்டுல எல்லாருக்கும் தெரியும். ஐயாவுக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியாது."

"ஏன்?"

"நான் எட்டு வயசுலேருந்து இதைப் படிச்சவன். இவன் எங்கேயோ சேத்துலேருந்து வந்து ஒரு தடவை ஊதுவான், நான் பக்கத்துல பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கணுமா?"

அப்புறம் என் பாடத்தை எடுத்தான். ஒன்றும் நடக்காத மாதிரி.

ராத்திரி ஆகியும் ஒரே நினைப்பு. எனக்குச் சொல்லிக்கொடுத்தவனும் அவன்தானே? இந்த எழுத்துகள்? நான் எழுதியதை நானேதான் படிக்கிறேன். அல்சீட்டும் அப்படித்தானே, ஹோசியா எழுதிக் கொடுத்ததை மட்டும் வாசித்தான்? நானும் ஊளையிடுகிறேனா?

ஜூலை 7
விடிந்ததும் சமையல்கட்டுக்கு ஓடி, ஜூன் நாலாம் தேதிப் பக்கத்தைச் சபைனாவிடம் நீட்டினேன். அவள் மிஷன் பள்ளியில் படித்தவள். அதில் என்ன எழுதியிருக்கிறேன் என்று சொல்லவில்லை.

"இன்று நல்ல வெயில். படகு ஓடுகிறது. என் பெயர் ஆம்ப்ரோஸ் டில்லரி," என்று படித்தாள். "என்னய்யா, வயசான காலத்துல காதல் கடிதமா?"

அவளைத் தூக்கிச் சுற்றாத குறை. எல்லாம் சரி! எல்லா எழுத்தும் சரி!

மதியம் ஹோசியாவிடம் கேட்டேன், எனக்கு மட்டும் ஏன் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தான் என்று.

"உன்னைக் கெடுத்து எனக்கு என்ன ஆகப்போகுது? நீ யாருக்குப் போட்டி?" என்றான்.

ஜூலை 10
கோடாரிக்குச் சாணை பிடித்தேன். தேவையில்லைதான். பிடித்தேன்.

ஜூலை 14
ஆஹா, என்ன நாள்!

ஓல்டம் ஐயாவைக் கேப்டன் தன் அறைக்குக் கூப்பிட்டிருந்தார். ஹோசியா கீழே சட்டை மாற்றிக்கொண்டிருந்தான். படகு ஆல்ட்டன் துறையில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. நான் கோடாரியைச் சுவரிலிருந்து எடுத்து, கிளாரினெட் நாற்காலியில் அழகாகப் படுக்கவைத்தேன்.

பாண்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வாய் திறக்க வேண்டுமே! கோடாரி இருந்தால் ஐயா சொல்லியிருக்கிறார் என்றுதான் அர்த்தம். ஹோசியா படியேறி வந்தான். பாட்டு ஆரம்பித்தது.

அவன் கோடாரியைப் பார்த்தான். காலியாக இருந்த பியானோவைப் பார்த்தான். காலேஜ் படித்தவன், இந்தப் பாண்டின் அத்தனை தாளையும் எழுதிக் கொடுத்தவன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. அந்த ஆள் கேட்பானா? கோடாரியை என் கையில் கொடுத்தான். அவன் விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"எதை வெட்டணும்?" என்று காதோடு கேட்டேன்.

கிளாரினெட் பெட்டியோடு இறங்கினான். பலகையை இழுத்தார்கள். படகு திரும்பி நடு ஆற்றுக்கு வந்த பிறகுதான் ஓல்டம் ஐயா மேலே வந்தார்.

"ஹோசியா எங்கே? யார் சொன்னது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். நிறுத்த முடியவில்லை.

ஜூலை 15
இன்று நாற்காலி போட மேடைக்குப் போனேன். எல்லோரும் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். டிரம்முக்குப் பின்னால் நான் உட்காரும் முக்காலியில் கோடாரி.

ஓல்டம் ஐயாவே பியானோவில் வாசித்தார். நன்றாகத்தான் வாசித்தார்.

ஜூலை 29
செயிண்ட் லூயி. சபைனாவின் தங்கை வீட்டில் ஒரு மூலை கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலில் நின்றால் ஆறு தெரியாது, படகு ஊதுவது மட்டும் கேட்கும். லூசிண்டா எது என்று எனக்குத் தெரியும்.

தெருவில் உள்ள எல்லாப் பலகையையும் படித்துவிட்டேன். பாதிக்கு மேல் எங்களை உள்ளே வராதே என்கிறது. முன்பு இது தெரியாமல் நிம்மதியாக நடந்துகொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 5
அல்சீட்டைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. ஊருக்குப் போயிருப்பான். அங்கே தாள் கேட்காத பாண்டு நிறைய உண்டு. ஊதிக்கொண்டிருப்பான். எனக்காக இல்லை, அவனுக்காகத்தான் செய்தேன். அதை நினைத்தால் இந்த மூலைகூட நன்றாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 20. திங்கள்.
எங்கள் ஜனங்களுக்கான நாள். டிக்கெட் எடுத்து லூசிண்டாவில் ஏறினேன், துரை மாதிரி. மேடைக்கு எதிரே போய் உட்கார்ந்தேன்.

கிளாரினெட் நாற்காலியில் ஹோசியா. தந்தி அடித்துக் கூப்பிட்டுவிட்டார்கள். தாள் படிக்கிற ஆள் வேண்டுமே. என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினான்.

நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தவன் திரும்பினான். நீளக் கழுத்து. பெரிய காது.

"தாத்தா!" என்று ஓடிவந்தான். "எனக்கு ஊருக்குப் போக மனசே வரல. துறையிலயே கிடந்தேன். நீ போனப்புறம் நாற்காலி போட ஆள் இல்லன்னாங்க. கேட்டேன், ஐயா குடுத்துட்டாரு. பாண்டு பக்கத்துலயே இருக்கலாம் பாரு."

"கார்னெட் எங்கேடா?"

"அது இருக்கு." கையை எங்கோ காட்டினான். "இங்க ஊதக்கூடாதுன்னு சொல்லித்தான் சேர்த்துக்கிட்டாங்க."

"அவன் என்ன செஞ்சான்னு தெரியுமாடா உனக்கு?"

"ஹோசியா அண்ணனா? திரும்பி வந்த முதல் நாளே சொன்னாரே. ஒரு படி தள்ளி!" என்று சிரித்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மேடைக்குக் கேட்கும்படி சிரித்தான். அங்கிருந்து அவர்களும் சிரித்தார்கள்.

பாண்டு ஆரம்பித்தது. அந்தப் புதுப் பாட்டு. தனி வாசிப்பு வரும் இடத்தில், சுவர் ஓரமாக நின்ற அல்சீட்டின் மூன்று விரல்கள் தொடைமேல் அசைந்தன. அவனுக்கே தெரியாமல். புதுக் கார்னெட்காரன் வாசித்ததைவிட அந்த விரல்கள் நன்றாக வாசித்தன. அடுத்த பாட்டுக்கு முன்னால் அவன் போய் ஒரு நாற்காலியை நேராக்கி வைத்தான்.

இறங்கும்போது என்னைச் சுவர்ப் பக்கம் இழுத்துப் போனான். கோடாரிப் பிடிக்குப் புதிதாகச் சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தான். பளபளவென்று இருந்தது. நான் வைத்திருந்ததைவிட நன்றாகவே வைத்திருக்கிறான்.

"நாளைக்கு ஒருத்தனுக்கு இருக்கு தாத்தா. அந்தப் புது டிரோம்போன். ஒண்ணும் தெரியாது அவனுக்கு," என்றான். கண்ணெல்லாம் மின்னியது. "வந்து பாரேன். சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும்."

நாளை செவ்வாய். எங்களை ஏற்றமாட்டார்கள். இல்லையென்றால் போயிருப்பேன்.