உங்கள் கார்பைன்

அருமனை

ஹவில்தார் ஷிஜின் அவர்களுக்கு,

உங்கள் மனைவி லீமா எழுதுவது. இங்கே யாருக்கும் சுகமில்லை. நீங்கள் சுகமாக இருப்பீர்கள், அது எனக்குத் தெரியும். போனில் பேசினால் பாதியில் குறுக்கிட்டு என் வாயை அடைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். கடைசிவரை படியுங்கள்.

நேற்று அம்மாவும் நானும் திருவனந்தபுரம் ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போய் என் தம்பியைப் பார்த்துவிட்டு வந்தோம். அபினுக்குக் குண்டு பட்ட தோளில் எலும்பு கூடிவிட்டது, ஆனால் வலது கையைத் தூக்க முடியவில்லை. அம்மாதான் கஞ்சி ஊட்டினாள். வார்டில் எல்லோரும் பார்க்க, கண்ணை மூடிக்கொண்டு குடித்தான்.

அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. 'அவனுக்க அத்தான் கூட உண்டும்லா, அதாக்கும் எனக்க மோன் உயிரோட வந்தான்' என்று நர்சிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்களுக்கு அனுப்பச் சொல்லி ஏத்தங்காய் சிப்ஸ் வறுத்துத் தந்தாள். மழையில் ரப்பர் பால் வெட்டு இல்லாமல் சும்மா இருந்த வேலைக்காரர்களுக்கு அதைக் கொடுத்துவிட்டேன்.

கல்யாணமான புதிதில் நீங்கள் எனக்குச் சொல்லித் தந்தீர்கள். பத்துப் பேர் கொண்ட செக்‌ஷனில் மற்றவர்களுக்கு நீளத் துப்பாக்கி, நடத்திக்கொண்டு போகிறவனுக்கு மட்டும் குட்டையான கார்பைன். கிட்டத்தில் வருகிறவனை மளமளவென்று சுட்டுத் தள்ளலாம், தூரத்துக்கு உதவாது. ஆட்களைக் கவனிக்கிறவனுக்குக் கை லேசாக இருக்கவேண்டும் என்றுதான் அதைத் தருவது என்றீர்கள். எவ்வளவு பெருமை அப்போது! மலையில் ஒளிந்திருப்பவன் அந்தக் குட்டைத் துப்பாக்கியைப் பார்த்துத்தான் தலைவனைக் கண்டுபிடித்து முதலில் சுடுவான் என்பதை மட்டும் எனக்குச் சொல்லவில்லை. உங்கள் செக்‌ஷனிலேயே இருந்த அபினுக்கும் சொல்லவில்லை.

நேற்று அம்மா மருந்து வாங்கப் போனபோது அவன் எல்லாவற்றையும் சொன்னான். அன்று ரோந்து புறப்படும்போது நீங்கள், 'ஏலே அபினு, ஒனக்கு இதுல ஆசைல்லா, இன்னைக்கு நீயே பிடி' என்று கார்பைனை அவன் கழுத்தில் மாட்டினீர்களாம். அவனுடைய நீள ரைஃபிளை வாங்கிக்கொண்டு வரிசையின் பின்னால் போய்விட்டீர்களாம். அந்தப் பொட்டன் சந்தோஷத்தில் போட்டோ எடுத்து இங்கே கூட்டுக்காரர்களுக்கு அனுப்பினான். அவர்கள் பதவி உயர்வு என்று நினைத்து ஜங்ஷனில் பிளெக்ஸே வைத்தார்கள். அந்த ரோந்தில் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒளிந்திருந்தவர்கள் சுட்டபோது, அவன் திருப்பிச் சுட்ட குண்டு ஒன்றும் அங்கே எட்டவில்லையாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அந்தப் பிளெக்ஸை நானே கிழித்துப் போட்டேன். பையன்கள் முறைத்தார்கள். முறைக்கட்டும்.

அந்த மலையில் அன்று என்ன கேள்விப்பட்டீர்கள், எதற்குப் பயந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. பயம் எல்லோருக்கும் உண்டு. பயந்ததற்காக உங்களை வெறுக்கவில்லை. என் தம்பியைப் பிடித்து முன்னால் நிறுத்தினீர்களே, அதற்காக வெறுக்கிறேன்.

இப்போது கார்பைன் எப்படி அவன் கைக்குப் போனது என்று விசாரணை வந்ததும் எனக்குப் போன் செய்கிறீர்கள். கார்பைனைத் தானே கேட்டு வாங்கியதாக அவன் சொல்லவேண்டுமாம், அதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். என்ன நெஞ்சழுத்தம் உங்களுக்கு! நான் சொல்லிக்கொடுக்கவே தேவையில்லை, கேளுங்கள். அவனே சொன்னான்: 'எக்கா, நான் கேட்டு வாங்கினதாட்டே சொல்லிருதேன். ஒனக்க வாழ்க்கை கெட்டுப்போவக் கூடாதுல்லா.' நான் ஒரு அறை விட்டிருப்பேன். கட்டுப் போட்டுக் கிடக்கிறானே என்று விட்டேன்.

உண்மையைச் சொல்லு, என் வாழ்க்கையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். சத்தியமும் வாங்கிவிட்டேன். அடுத்த வாரம் ஆபீசர் ஆஸ்பத்திரிக்கு வந்து அவனிடம் வாக்குமூலம் எடுக்கிறார். கட்டில் பக்கத்தில் நான் இருப்பேன். உங்கள் வேலை போகும், ஹவில்தார் பட்டை போகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதற்குப் பிறகு இந்த வீட்டுப் படியில் நீங்கள் ஏறலாமா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.

மாதா உங்களைக் காக்கட்டும். இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். அவன் வாய் திறப்பதற்கு முன்னால் நீங்களே ஆபீசரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். இந்த ஒரு தடவையாவது என் தம்பிக்கு முன்னால் போங்கள்.

இப்படிக்கு,
அபினின் அக்கா லீமா