முசே ஓட்டலில் இரண்டு தட்டுகள்

மச்சான்,

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா இன்று வெண்ணெய் காய்ச்சினார். நெய்யாவதற்குக் கொஞ்சம் முன்னால், நுரை கட்டி உருகும்போது ஒரு வாசனை வருமே, அது செங்கல்பட்டு முழுக்க அடித்தது என்று சொன்னால் அவர் சிரிப்பார். எனக்கு அப்படித்தான் இருந்தது. அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தம்பி பெண்டாட்டி ஓடி வந்து, "இன்னா அண்ணி, மயக்கமா வருதா?" என்று கேட்டாள்.

மயக்கமெல்லாம் ஒன்றுமில்லை. நீங்களும் நானும் மெட்ராஸில் உட்கார்ந்து சாப்பிட்ட அந்தப் பிரெஞ்சு ஓட்டல் ஞாபகம் வந்துவிட்டது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது? கோவளத்துக்காரி, வெள்ளைத் துப்பட்டி போர்த்தியவள், கையில் கத்தியும் முள்ளுக்கரண்டியும் பிடித்துக்கொண்டு புருஷனுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டாள் என்றால் நம்புவாளா? அதனால்தான் உங்களிடமே பேசுகிறேன். நீங்கள் இருந்தபோதும் எனக்குப் பேச்சுத் துணை நீங்கள்தான், போன பிறகும் நீங்கள்தான். பதில்தான் வருவதில்லை.

எல்லாம் அந்தச் சஹனில் ஆரம்பித்தது. உங்கள் அண்ணன் மகனுக்குச் சுன்னத் கல்யாணம். ஒரு சஹனுக்கு நாலு பேர் என்று ஆண்கள் தரையில் உட்கார்ந்தார்கள். ஒரே பெரிய தட்டு, நடுவில் குவித்த சோறு, அதைச் சுற்றி நாலு கைகள். நம்மவர்களுக்கு அதுதான் சாப்பாடு. ஒரே சஹனில் கை வைத்தவர்கள் அப்புறம் சண்டை போட்டாலும் ரொம்ப நாள் போடமாட்டார்கள் என்பார் மாமா. உங்கள் நெஞ்சில் டி.பி. என்று டாக்டர் சொல்லிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நீங்கள் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே போய் ஒரு சஹனில் உட்கார்ந்தீர்கள். மற்ற மூன்று பேரும் கையைச் சோற்றில் வைக்காமல் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் அண்ணன் வந்து, "டாக்டரு சொல்லிகீறாரு இல்ல தம்பி, நீ அப்டி ஓரமா குந்து, தனியா தட்டு எடுத்தாரேன்" என்றார். குரலில் கோபமில்லை, அன்புதான். அந்த அன்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீங்கள் எழுந்து ஓரமாகப் போய் உட்கார்ந்து, கொண்டு வந்த தனித்தட்டில் கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டீர்கள்.

அப்புறம் மாமி உங்கள் தட்டிலும் தம்ளரிலும் ஆணியால் ஒரு கோடு கிழித்து வைத்தார். கழுவிய பிறகும் அவை மற்றப் பாத்திரங்களோடு சேரக்கூடாது, கொட்டகையில் கவிழ்ந்திருக்க வேண்டும். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒருநாள் உங்கள் தட்டிலேயே கை வைக்க வந்தேன். நீங்கள் தட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "கையை எடு புள்ள!" என்று கத்தினீர்கள். மாமி கிழித்த கோட்டைவிட அது எனக்கு அதிகம் வலித்தது. கல்யாணத்தன்று ஒரே சஹனில் உங்கள் கையிலிருந்து வாங்கிச் சாப்பிட்டவள் நான். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான், இன்னொரு முறை உங்களோடு ஒரே தட்டில் சாப்பிடுவது. உங்களுக்கு அது தெரியும். தெரிந்தேதான் மறுத்தீர்கள்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் ஊசி போட ஆரம்பித்தார்கள். துணைக்கு வரச் சொன்னால் ஆளுக்கொரு வேலை இருந்தது, நான் வந்தேன். முதல் ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்ததும், "பசிக்குது, வா, நம்ம முசே கடைக்குப் போலாம்" என்றீர்கள். மாபலிபுரத்திலிருந்து கோவளம் வரைக்கும் கரையோரம் வாங்கிய சிங்கி எறாவை நீங்கள் ரொம்ப வருஷமாக அங்கே கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்தீர்கள், ஆனால் பின்வாசலோடு சரி. துறைமுகத்துக்கு எதிர்ச் சந்தில் ஆறே மேசை போட்ட ஓட்டல். பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவர், அவரை எல்லாரும் முசே என்பார்கள், சமைக்கிற அவர் மனைவியை மதாம் என்பார்கள். கப்பல் கம்பெனி குமாஸ்தாக்களும் அந்தத் தெருக்காரர்களும்தான் அங்கே சாப்பிட வருவார்கள். முன்வாசல் வழியாக நுழைந்ததும் மேசை விரிப்பைப் பார்த்து, "பாரேன், மேசைக்கு லுங்கி கட்டி வுட்டுகீறான்" என்றீர்கள். சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட துணி. நிஜமாகவே லுங்கி மாதிரிதான் இருந்தது.

உட்கார்ந்தோம். முசே வந்தார். உங்கள் முன்னால் ஒரு தட்டு வைத்தார், என் முன்னால் ஒரு தட்டு வைத்தார். தனித்தனி கத்தி, தனித்தனி முள்ளு, தனித்தனி கிளாஸ். உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டீர்கள்.

"இன்னா முசே, உனக்கும் சொல்லிட்டாங்களா? யாரு வந்து சொன்னது?"

முசேவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னா சொன்னாங்க பாய்? இன்னும் சூப்பே வைக்கலியே!" என்று விழித்தார். எனக்கும் முதலில் ரத்தம் கொதித்தது, துப்பட்டியை இழுத்துக்கொண்டு கிளம்பத் தயாரானேன். அப்போதுதான் பக்கத்து மேசையைப் பார்த்தேன். நாலு குமாஸ்தாக்கள், நாலு தட்டு. அதற்கு அடுத்த மேசையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரும் மனைவியும், அவர்களுக்கும் இரண்டு தட்டு. உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்து, "மச்சான், சுத்தியும் பாருங்க" என்றேன்.

ஒவ்வொரு மேசையாகப் பார்த்தீர்கள். மெதுவாக உட்கார்ந்தீர்கள். பிறகு என் காதோடு சொன்னீர்கள்: "ஏ புள்ள, இந்த ஓட்டல்ல எல்லாருக்கும் டி.பி. தான்!"

யா அல்லா, என்ன சிரிப்பு! சிரித்துச் சிரித்து உங்களுக்கு இருமல் வந்து, இருமல் நின்று மறுபடியும் சிரிப்பு வந்து, குமாஸ்தாக்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கப்புறம் முசேவைக் கூப்பிட்டு உங்கள் வியாதியை நீங்களே சொன்னீர்கள், மறைத்துச் சாப்பிட மனசு வரவில்லை. அவர் உள்ளே போய் மதாமிடம் கேட்டுவிட்டு வந்தார். "மதாம் எல்லாத்தையும் கொதிக்கிற தண்ணியில போட்டுத்தான் எடுக்கும். உனக்கும் அதான், கலெக்டரு வந்தாலும் அதான். குந்து பாய்" என்றார். ஜன்னலோர மேசை ஒன்றைத் தள்ளிப்போட்டு, "காத்து நல்லா வரும்" என்று உட்கார வைத்தார். அதற்கப்புறம் எப்போது போனாலும் நமக்கு அந்த மேசைதான்.

நம் வீட்டில் தனித்தட்டு என்றால் தள்ளி வைப்பது. அங்கே அது மரியாதை. இதை நீங்கள் எத்தனை தடவை சொல்லிச் சொல்லி மாய்ந்து போனீர்கள்! ஊசிக்குப் போகிற நாளெல்லாம் உங்களுக்குப் பெருநாள் மாதிரி. மீன் சூப்பு, மொறுமொறுவென்று நீட்டு ரொட்டி, உருகுகிற வெண்ணெயில் மிதக்கிற ஆம்லெட். "உப்பும் இல்ல, காரமும் இல்ல, ஆஸ்பத்திரி சாப்பாடு மாதிரி கீது" என்று நான் முந்தானையில் முடிந்து வந்த எலுமிச்சை ஊறுகாயை எடுப்பேன். மதாம் முதல்நாள் அதைப் பார்த்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், அடுத்த தடவை தனக்கும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார். மதுவிலக்கு வந்து ஒயின் விற்க முடியவில்லை என்று முசே புலம்பினால், "எங்கள மாதிரி ஆளுங்க வந்து குந்தணும்னு தான் கவர்மெண்டு அதைப் பண்ணிகீது" என்பீர்கள். நம் வீட்டில் ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்கள் சாப்பிடுவோம். நீங்கள் சாப்பிடும்போது உங்கள் முகத்தை நான் நேராகப் பார்த்தது அங்கேதான். மெல்லும்போது உங்கள் இடது புருவம் கொஞ்சம் ஏறும் என்பது கல்யாணமாகி அத்தனை வருஷம் எனக்குத் தெரியாது.

ஊசி வேலை செய்யவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்க என் தோளைப் பிடிக்க ஆரம்பித்தீர்கள், அப்புறம் பஸ்ஸில் ஏறவும் பிடித்தீர்கள். கத்தியால் ரொட்டியை அறுக்க முடியாமல் போனபோது முசே அறுத்தே கொண்டு வந்து வைத்தார். கடைசியாகப் போன அன்று டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "இனிமே இவ்ளோ தூரம் அலைய வேணாம் பாய், வூட்லயே ஓய்வா இருங்க" என்றார். நீங்கள் தலையாட்டினீர்கள். எனக்கும் புரிந்தது, உங்களுக்கும் புரிந்தது. அப்படியும் முசே கடைக்குப் போகலாம் என்றீர்கள்.

நீங்கள் கைகழுவப் போன நேரத்தில் நான் சமையலறைக்குள் போய் மதாமிடம் சொன்னேன். "இன்னிக்கு ரெண்டு தட்டு வேணாம் மதாம். ஒரே பெரிய தட்டுல வச்சுக் குடுங்க. நாங்க சேர்ந்து சாப்பிடறோம்." மதாம் என்னையே பார்த்தார். "வேணாம் பொண்ணே" என்றார். "இது எனக்கு வேணும்" என்றேன். அழுதேன் என்று நினைக்கிறேன்.

முசே அதைக் கொண்டு வந்து நடுவில் வைத்தார். நீளமான வெள்ளைத் தட்டு, முழு வஞ்சிரம், மேலே வெண்ணெய், சுற்றிலும் உருளைக்கிழங்கு. நீங்கள் தட்டைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். என் வலது கை மேசைமேல் தயாராக இருந்தது.

"முசே, ரெண்டு தட்டு எடுத்துனு வா."

"மச்சான், வேணாம். இன்னிக்கு ஒரு நாள்."

"ரெண்டு தட்டு, முசே."

தட்டுகள் வந்தன. ரொட்டி அறுக்க முடியாத அந்தக் கையால் நீங்கள் கத்தியைப் பிடித்து மீனை நடுவில் பிளந்தீர்கள். முதலில் எனக்கு வைத்தீர்கள், பெரிய பாதி. பிறகுதான் உங்கள் தட்டில் வைத்துக்கொண்டீர்கள். எனக்கு அப்படி ஒரு கோபம். "நா இன்னா அயல் வூட்டுக்காரியா? புள்ளை இல்ல, குட்டி இல்ல, நீங்களும் போயிட்டா நா எதுக்கு இருக்கணும்?" என்று ஓட்டல் என்றும் பார்க்காமல் கத்தினேன்.

நீங்கள் நிமிரவே இல்லை. "சும்மா இரு. இருக்கறதுக்குக் காரணம் வேணுமா? நீயாச்சும் இரு" என்றீர்கள். பிறகு, "ஆறுது, துன்னு" என்றீர்கள்.

நான் தின்றேன். நீங்கள் இரண்டு வாய்தான் சாப்பிட்டீர்கள். நம் வீட்டில் உங்களுக்குச் செய்ததை அன்று நீங்கள் எனக்குச் செய்தீர்கள். அது அன்புதான், தெரியும். அண்ணனுடையதும் அன்புதானே மச்சான்?

மழைக்காலம் வருவதற்குள் போய்விட்டீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரியை விட்டுப் போனபோது முசேவும் மதாமும் கடையை மூடிக்கொண்டு கப்பலேறிவிட்டார்களாம், எறா கொண்டுபோகிறவர்கள் சொன்னார்கள். அந்த மேசையை ஞாபகம் வைத்திருக்க என்னைத் தவிர ஆளில்லை.

வெளியே போகாமல் இருக்க வேண்டிய இத்தா நாலு மாசமும் பத்து நாளும் முடிந்ததும் மாமியும் உங்கள் அண்ணனும் என்னை நெஞ்சுப் படம் எடுக்கக் கூட்டிப் போனார்கள். எனக்கும் ஒட்டியிருக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். நான் மட்டும்தான் அதற்கு ஆசைப்பட்டேன், வாய்விட்டுச் சொல்கிறேன், ஆசைப்பட்டேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். "சுத்தமா கீதும்மா. இந்த நெஞ்சு இன்னும் நாப்பது வருஷம் தாங்கும்." மாமி அங்கேயே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார், சந்தோஷத்தில். வீட்டுக்கு வந்ததும் கறி வாங்கி வரச் சொல்லி ஆக்கினார். பெண்கள் சஹனைச் சுற்றி உட்கார்ந்து, "வா, குந்து, இன்னும் இன்னா தனியா?" என்று நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். நீங்கள் நோயில் விழுந்த நாளிலிருந்து என்னையும் தள்ளித்தானே வைத்திருந்தார்கள். உட்கார்ந்தேன். கை வைத்தேன். பசித்தது, சாப்பிட்டேன். எல்லாருடைய கையும் அந்தத் தட்டில் இருந்தது, உங்களுடையதைத் தவிர.

அப்புறம் தம்பி வந்து செங்கல்பட்டுக்குக் கூட்டி வந்துவிட்டான். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. காய்ச்சல்கூட வருவதில்லை மச்சான். ஊரெல்லாம் இருமுகிற பனிக்காலத்திலும் எனக்கு ஒரு தும்மல் கிடையாது. தம்பி பெண்டாட்டி, "அண்ணி உடம்பு இரும்பு" என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நீங்கள் கத்தியால் பிளந்து எனக்கென்று எடுத்து வைத்த உயிர் இது. யாருக்கும் கொடுக்க முடியாது, உங்களிடம் திருப்பித் தரவும் முடியாது. நீங்கள் இரு என்றீர்கள். காலையில் எழுந்ததும் மூச்சை இழுத்துப் பார்க்கிறேன். தடையே இல்லாமல் போய் வருகிறது.