மொட்டைத்தலையனின் மூன்று கட்டங்கள்

பிப்ரவரி 5

மிக்ஜாம் வெள்ளம் சிட்லபாக்கத்தில் வடிந்த கையோடு கிளாம்பாக்கத்தில் பஸ் ஸ்டாண்டு திறந்தார்கள். அடுத்து வந்த பொங்கலன்று டேனியலுக்குப் பக்கவாதம். வலது கை போச்சு, பேச்சும் போச்சு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசுவதைப் போன் எழுதிக்கொள்கிறது. எழுதினது சரியா என்று இனி யாரைக் கேட்பது? தினமும் பேப்பர் கடையில் எனக்குப் பேப்பர் படித்துச் சொன்ன கூட்டாளி அவன்தான்.

பிப்ரவரி 7

பேப்பரில் எனக்கென்று இருப்பது ஒன்றே ஒன்று. ஓரத்தில், மேலிருந்து கீழே மூன்று கட்டமாக வரும் சிரிப்புப் படம். ஒரு மொட்டைத்தலையன். பேச்சே கிடையாது. அதை டேனியல் கண்ணெதிரில் பிடித்தேன். நான் சிரித்தேன். கோணின வாயோடு அவனும் சிரித்தான்!

அவன் மகள் ஏஞ்சல், கோவிலம்பாக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் சொல்லி வைத்திருந்தாள். "அப்பாவுக்கு எதுவுமே புரியலையே வேதாசலம் அங்கிள். புரிஞ்சா நான் ஏன் அனுப்பப்போறேன்?"

"படம் பாத்து சிரிக்கிறாம்மா. உள்ள ஆளு கீறான்."

உடனே போன் போட்டு, இடம் வேண்டாம் என்றாள்.

பிப்ரவரி 12

இன்று இரண்டாவது கட்டத்திலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சரியாக அங்கேயே சிரித்தான். அதெப்படி?

பிப்ரவரி 13

தூக்கமில்லை.

பிப்ரவரி 14

கட்டங்களை வெட்டி, வரிசையைத் தலைகீழாக்கி ஒட்டினேன். உண்மையான படத்தில் மொட்டைத்தலையன் குடை வாங்குகிறான். காற்றில் குடை மல்லாந்துகொள்கிறது. அதில் மழைத்தண்ணீர் ரொம்பி, உள்ளே உட்கார்ந்து குளிக்கிறான். நான் ஒட்டினதில் குளித்து முடித்துவிட்டுக் கடைக்குப் போகிறான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

காட்டிவிட்டுச் சும்மா சிரித்தேன். சிரித்தான். கண் பேப்பரில் இல்லை — என் மூஞ்சியில்.

டேய், இத்தினி நாளா இன்னாத்த பாத்துடா சிரிச்ச?

பிப்ரவரி 15

ஏஞ்சலிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 17

சொல்லிவிட்டேன். "படம் புரியலம்மா. என் மூஞ்சிதான் தெரியுது."

அவள் அப்பா முன்னால் மண்டிபோட்டுச் சிரித்தாள். சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்தான். மறுபடி சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள்.

"பெத்த பொண்ணைத் தெரியல, உங்களைத் தெரியுதாமா? அப்ப நீங்களே கூட்டிட்டுப் போங்க!"

பொய்யோடே விட்டிருக்கலாமோ? இனி இல்லம்தான். அங்கே எந்த மூஞ்சியைப் பார்ப்பான்?

பிப்ரவரி 18

டேனியல் வீட்டுக்குப் போகவில்லை.

பிப்ரவரி 21

ஏஞ்சலே வந்தாள். "சாப்பாட்டைத் துப்புறாரு. வாங்க."

"இல்லம்?"

"அங்க உங்க மூஞ்சிக்கு நான் எங்க போவேன்?"

பேப்பர் எடுத்துப் போகவில்லை. டேனியல் எதிரில் உட்கார்ந்தேன். ஏஞ்சல் ஒரு ஸ்டூலை இழுத்து என் தோளோடு ஒட்டி உட்கார்ந்தாள் — அவன் என்னைப் பார்க்கும்போது அவளும் கண்ணில் படட்டும் என்று. நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அவன் கஞ்சி குடித்தான்.

பேப்பர் கடையில் என்னோடு கூடிச் சிரித்தவர்களில் பிரிட்டோ கொரோனாவில் போனான். துளசிங்கம் போன ஆடியில். இருப்பது டேனியல்.