கட்டிலிலிருந்து நாற்காலிக்கு

முதலில் மானக்கேடான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன வியாழக்கிழமை பாகாலா ஸ்டேஷனில், முன்பின் தெரியாத ஓர் அம்மாவைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

திருப்பதி ரயிலுக்குக் காத்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் இருந்த அந்த அம்மாவுக்குக் கனத்த உடம்பு, வாய் ஒரு பக்கம் கோணல். எழுந்திருக்கப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். நான் யோசிக்கவே இல்லை. என் முழங்கால் போய் அவர் முழங்காலுக்கு முட்டுக் கொடுத்தது, கைகள் அவர் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டன, வாய் ஒண்ணு, ரெண்டு எண்ணி "மூணு" என்றது. நின்றுவிட்டார். டீ வாங்கப் போயிருந்த அவர் வீட்டுக்காரர் திரும்பிவந்து, "ஏமய்யா, எவரு நுவ்வு?" என்று, நீ யார் என அதட்டினார். தெலுங்கில் எனக்குத் தெரிந்த மரியாதைச் சொற்கள் அத்தனையும் செலவழித்தேன். அந்த அம்மாதான் காப்பாற்றினார். "பாகா பட்டுக்குன்னாடு" என்றார் கணவரிடம். நன்றாகப் பிடித்தேனாம்.

இருபத்தாறு வருடம் என்னோடு குடித்தனம் நடத்திய உனக்குத் தெரியும், நான் எதையும் எழுதிவைத்துப் படிக்கிற ஆள் என்று. பக்கவாதம் வந்து உன் இடப்பக்கம் விழுந்தது. திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து சித்தூர் வீட்டுக்கு வந்த அன்று, பிசியோதெரபி பெண் சொன்னதையெல்லாம் நோட்டில் எண் போட்டு எழுதிச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன். மறுநாள் காலை நோட்டைத் தலையணைமேல் விரித்து, மூன்றாவது குறிப்பைப் படித்துக்கொண்டே உன்னைத் தூக்கினேன். இரண்டு பேரும் தரையில் கிடந்தோம்.

"நெல்லு மூட்டன்னு நெனச்சிக்கினீங்களா?" என்றாய். நான் சிரித்தேன், நீ சிரிக்கவில்லை. எதிர்வீட்டுப் பெண் ஓடிவந்து தூக்கியபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். அவள் போனதும், "பாத்ரூமுக்கு வேற யார்னா கூட்டிக்கினு போறதா இருந்தா, எனக்குச் சோறே வேணாங்க" என்றாய். அன்று பொழுது சாயும்வரை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அடுத்த முறை பிசியோதெரபி பெண் வீட்டுக்கு வந்தபோது நோட்டைக் காட்டிச் சந்தேகம் கேட்டேன். நீ குறுக்கே புகுந்தாய். "நோட்ட மூடும்மா. அவரத் தூக்கிக் காட்டு, அப்பதான் ஏறும்."

என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, ஒரு பக்கம் செத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு நான் உன்னை இழுத்தது போலவே அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். காலடியில் தரை காணாமல் போனது. அலறிக்கொண்டு அவள் துப்பட்டாவைப் பற்றினேன்.

"இன்னாங்க, இதுக்கே கத்தறீங்க" என்றாய்.

இரண்டாம் முறை அவள் முழங்காலுக்கு முழங்கால் வைத்து, நான் முன்னால் சாயும்வரை காத்திருந்தாள். சாய்ந்ததும் என் எடை தானாக எழுந்தது. தூக்குகிறவன் காத்திருக்க வேண்டும் என்பது என் நோட்டில் எந்த எண்ணிலும் இல்லை.

அதன் பிறகு இடித்தும் சறுக்கியும் இடுப்பு பிடித்தும் ஒரு மாதம் போனது. பதினொன்று, ஒன்று, நாலு மணிக்கெல்லாம் உன்னைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போக ஆபீஸிலிருந்து ஓடிவருவேன். இந்த வயதில் எவளைப் பார்க்க ஓடுகிறான் என்று அங்கே ஒரு பேச்சு இருந்தது. நீ எழுவதற்கு முன் உன் தாடை என் தோளில் லேசாக அழுத்தும். அதுதான் எனக்கு "மூணு". பேசிப் பேசியே உன்னைப் புரிந்துகொண்டதாக அத்தனை வருடம் நினைத்திருந்தேன். பயந்த நாள், வலித்த நாள், என்மேல் கோபமான நாள் எல்லாவற்றையும் அந்தத் தாடைதான் சொன்னது. என் தோளுக்குத் தெரியாமல் உன்னிடம் ஒன்றுமில்லை என்று ஆபீஸில் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

மாம்பழ சீசன் முடிவதற்குள் பக்கவாதம் இரண்டாவது முறை வந்தது. அதோடு நீ போய்விட்டாய். கட்டிலைக் கொடுத்துவிட்டேன். காலையில் எழுந்ததும் முழங்கால்கள் இன்னும் மடங்குகின்றன. தோள் ஒரு பக்கம் தாழ்ந்துகொண்டு காத்திருக்கிறது.

காரியத்தன்று பிசியோதெரபி பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "கடைசி மாசம் அம்மா கட்டில் சட்டத்தப் புடிச்சிக்கினு தானாவே எழுந்து நிப்பாங்க சார். நாலு அடி நடப்பாங்க. 'அவருகிட்ட சொல்லாத, பாவம், இப்பதான் கத்துக்கினாரு'ன்னாங்க."